வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(கள்ளக்குறிச்சியில் உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



கரும்புக்கு மேலுரம் இடுவதைப் பற்றியும், மரவள்ளியில் மாவுப்பூச்சியை அடக்குவதைப் பற்றியும் பேசுகிறவனுக்குக் கண்ணாடித் தொட்டி மீனோடு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணலாம். காரணம் நீங்கள்தான். மண் மாதிரியும் பாசன நீர் மாதிரியும் கொண்டு வருகிற இளைஞர்களில் சிலர், முடிவுகளைக் கேட்ட பிறகும் போகாமல் தயங்கி நின்று, "சார், டிஸ்கஸ் மீன் வாங்கி வைத்தேன், பத்து நாள்கூட நிற்கவில்லை, தண்ணீரில் ஏதும் கோளாறு இருக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் இருவர் என்றால் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடலாம். அடிக்கடி வரும் கேள்வியாகிவிட்டதால் இன்று அதையே எடுத்துக்கொண்டேன்.

மீன் நோய்களைப் பார்க்க மீன்வளம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012 முதல் நம் மாநிலத்தில் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. அவர்கள் வேலையில் நான் நுழையப்போவதில்லை. ஆனால் வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன் சாவதில் பெரும்பகுதி மீனின் கோளாறு அல்ல, தண்ணீரின் கோளாறு. தண்ணீரும் தழைச்சத்தும் உழவியல் பாடம். அந்த உரிமையில் பேசுகிறேன்.

டிஸ்கஸ் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மீன். தட்டுப் போல வட்டமாகவும், பக்கவாட்டில் தட்டையாகவும் இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஆறேழு அங்குலம் வரும். 1840-ஆம் ஆண்டில் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய நாட்டு அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று கடையில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிப்பவை ஆற்றில் பிடித்தவை அல்ல. தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகளில் பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பொறுக்கி வளர்த்த இரகங்கள் அவை. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் உற்பத்தி செய்பவர்கள் நிறைய உண்டு. இந்த மீனையும் அங்கே வாங்கலாம். தொட்டி இரகங்கள் ஆற்று மீனைவிடச் சற்றுத் தாங்கும். ஆனாலும் பிறந்த மண்ணின் குணம் முழுதும் போய்விடுவதில்லை.

அந்தப் பிறந்த இடம் எப்படிப்பட்டது? ஆண்டுதோறும் பெருவெள்ளத்தில் காடு மூழ்கும். விழுந்த மரக்கிளைகளின் நிழலில், ஓட்டம் குறைந்த நீரில் இந்த மீன் கூட்டமாக நிற்கும். நீரின் சூடு பெரும்பாலும் 27 முதல் 31 டிகிரி செல்சியஸ். கரைந்த உப்புகள் மழைநீரில் இருப்பதுபோல மிகக் குறைவு. இலைதழை ஊறி மக்குவதால் நீர் அமிலத்தன்மையோடு இருக்கும். ஆறு பெரிது என்பதால் மீன் கழிக்கும் கழிவு ஓரிடத்தில் தங்குவதே இல்லை.

சூடு, மென்மை, அமிலத்தன்மை, தூய்மை என்று நான்கு குணங்களைச் சொன்னேன். நம் இளைஞர்கள் இவற்றில் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் தெரியுமா? அமிலத்தன்மையை. அமிலம் ஊற்றுகிறார்கள், எலுமிச்சை பிழிகிறார்கள், புளி கரைத்தவரும் உண்டு. என் கருத்தில் வரிசை இதற்கு நேர் எதிரானது. தூய்மை முதலாவது, சூடு இரண்டாவது, மென்மை மூன்றாவது. அமிலத்தன்மை கடைசியில் தானே வந்து சேர்ந்தால் சரி, வராவிட்டால் தொட்டி இரக மீன் அதற்காகச் சாகாது.

உங்கள் கிணற்று நீரைப் படிக்கும் முறை

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் வரை கிணற்று நீரின் தன்மை ஊருக்கு ஊர் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். ஒரே ஊரில் திறந்த கிணறு ஒரு மாதிரியும், ஆழ்குழாய்க் கிணறு வேறு மாதிரியும் இருக்கும். எனவே பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் மீன் நன்றாக இருக்கிறது என்பது உங்களுக்குச் சான்று ஆகாது.

பாசன நீர் ஆய்வு அறிக்கை உங்களில் பலரிடம் இருக்கும். அதையே மீனுக்கும் பயன்படுத்தலாம். அதில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் டெசிசைமன் கணக்கில் இருக்கும். அந்த எண்ணை 640-ஆல் பெருக்கினால், ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் டி.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். உதாரணமாக 1.25 டெசிசைமன் என்றால் 800 மில்லிகிராம். கரும்புக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. டிஸ்கசை அழகுக்காக மட்டும் வளர்க்கிறவருக்கு 300 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. குஞ்சு எடுக்க வேண்டுமானால் 100-க்குக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். கடின நீரில் முட்டை சரியாகக் கருவுறாது, பொரிப்பும் குறையும்.

உப்பைக் குறைக்க ஒரே வழி, உப்புக் குறைந்த நீரைக் கலப்பதுதான். 800 மில்லிகிராம் உள்ள கிணற்று நீர் ஒரு குடம், 50 மில்லிகிராம் உள்ள ஆர்.ஓ. நீர் நான்கு குடம் கலந்தால் 200 மில்லிகிராமுக்கு வந்துவிடும். ஆர்.ஓ. கருவி ஒரு குடம் நல்ல நீர் தரும்போது இரண்டு மூன்று குடம் உப்பு நீரைக் கழித்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோடையில் மோட்டார் இழுக்கத் திணறுகிற வீட்டில் இது சரிப்படாது.

அதைவிட எளியது மழைநீர். பத்தடிக்குப் பத்தடி மொட்டை மாடியில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 235 லிட்டர் நீர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி கழுவுண்ட பிறகு துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத மூடிய தொட்டியில் சேர்த்து வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: பக்கத்து வயலில் விசைத்தெளிப்பானில் மருந்து அடிக்கும் பருவம் என்றால் அந்த மாடி நீர் வேண்டாம்.

மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓடை நீர் இருக்கிறது. பாறை வழியே விரைந்து இறங்கும் மழைநீர் என்பதால் பொதுவாக உப்புக் குறைவு. ஆனால் ஓடை நீரோடு நத்தை வரும், காட்டு மீனின் ஒட்டுண்ணி வரும், மேலே யாராவது மருந்து அடித்திருந்தால் அதுவும் வரும். ஆய்வு செய்யாமலும், சில நாள் மூடி வைத்துத் தெளியவிடாமலும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

உப்பே இல்லாத நீரைத் தனியாகப் பயன்படுத்துவதும் தவறு. நவச்சத்தியான அமோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து இட்டால் நிலம் அமிலமாகிறது என்று படித்திருப்பீர்கள். தொட்டியிலும் அதே வினை நடக்கிறது. நீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். அது அறவே இல்லாத நீரில் கார அமில நிலை ஒரே இரவில் மளமளவென்று இறங்கி மீன் துடித்துப்போகும். ஆகவேதான் ஆர்.ஓ. நீரானாலும் மழைநீரானாலும் கிணற்று நீர் கொஞ்சம் கலந்தே ஆக வேண்டும் என்கிறேன்.

நாட்டு வாதுமை இலையைப் போட்டால் நீர் அமிலமாகும் என்று கடைகளில் சொல்வார்கள். மென்மையான நீரில் சற்று இறங்கும். நீர் பழுப்பாகி மீனுக்கு மறைவும் கிடைக்கும். கடினமான கிணற்று நீரில் நிறம் மாறுமே தவிர எண் அசையாது. கெடுதல் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஆழ்குழாய் நீரை இறைத்தவுடன் சோதித்து அந்த எண்ணை நம்பாதீர்கள். நிலத்தடியில் கரிவாயு கரைந்திருப்பதால் முதலில் அமிலமாகக் காட்டும். ஒரு நாள் காற்றடித்து வைத்தபின் வாயு வெளியேறி, எண் ஏறிவிடும். பிறகு வருவதுதான் மெய்யான எண். ஊராட்சிக் குழாய் நீரானால் ஒரு நாள் காற்றடித்து வைப்பது குளோரின் போவதற்கும் உதவும்.

தொட்டிக்குள் ஒரு வயல்

யூரியா இடும்போது என்ன நடக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். யூரியா அமோனியாவாகிறது; மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; நைட்ரேட்டைப் பயிர் உண்கிறது. மீன் தொட்டியிலும் இதுவேதான். மீன் தன் செவுள் வழியே அமோனியாவை ஓயாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் மீந்த இரையும் அழுகி அமோனியாவாகிறது. வயலில் அதை ஏற்க மண் இருக்கிறது. புதுக் கண்ணாடித் தொட்டியில் என்ன இருக்கிறது? கண்ணாடியும் தண்ணீரும்தான். நுண்ணுயிர்கள் வந்து குடியேறி, வடிகட்டியின் பஞ்சில் பெருகி, வேலையை ஏற்றுக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், அது தன் கழிவிலேயே வெந்துபோகும்.

களர் மண்ணில் யூரியாவை மேலாகத் தூவினால் அமோனியா ஆவியாகப் பறந்து வீணாகிறது அல்லவா? அதே வேதியியல் மீனைக் கொல்லவும் செய்கிறது. அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று தீங்கு குறைந்தது, மற்றது கொடிய நஞ்சு. நீர் 30 டிகிரி சூட்டில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் நூற்றில் ஏழெட்டுப் பங்கு. 8.5 ஆனால் நூற்றில் இருபது. நம் பக்கத்துக் காரத் தன்மையுள்ள கிணற்று நீரில் புதுத் தொட்டி ஏன் இவ்வளவு விரைவாக மீனைக் கொல்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

சங்கராபுரம் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் வீட்டு நகையை அடகு வைத்துத் தொட்டி, சூடேற்றி, வடிகட்டி, ஆறு டிஸ்கஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்திருந்தார். அன்று மாலையே கிணற்று நீர் நிரப்பி மீனை விட்டாயிற்று. நாலாம் நாள் மீன்கள் கறுத்து ஒரு மூலையில் ஒதுங்கின. கடையில் கேட்டு ஒரு மருந்து, அண்ணன் சொல்லி ஒரு மருந்து, உறவினர் சொல்லி இன்னொரு மருந்து. ஒன்பதாம் நாள் கடைசி மீனும் போயிற்று. அவர் கொண்டுவந்த தொட்டி நீரில் அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராமும், கார அமில நிலை 8.2-உம் இருந்தன. நோய் என்று ஒன்றும் தேட வேண்டியதில்லை. அத்தனை மருந்துக்குப் பதிலாக நாளுக்குப் பாதித் தண்ணீர் மாற்றியிருந்தால் சில மீனாவது பிழைத்திருக்கும். அந்தத் தொட்டி இப்போதும் அவர் வீட்டில் இருக்கிறது, கப்பி மீன்களோடு. நகை மீண்டதா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்குங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி 255 லிட்டர் கொள்ளும். அதில் நீர் நிரப்பி, வடிகட்டியையும் சூடேற்றியையும் ஓடவிட்டு, ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் தூய அமோனியம் குளோரைடு ஒன்றரை கிராம் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா ஆகும். சந்தையில் விற்கும் நவச்சாரம் அதே பொருள்தான் என்றாலும் தூய்மை தெரியாது, வேண்டாம். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் நாள்தோறும் பாருங்கள். அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். ஒரு நாள் இட்ட அமோனியா மறுநாளே அமோனியாவாகவும் இல்லை, நைட்ரைட்டாகவும் இல்லை என்ற நிலை வந்தால் தொட்டி பழகிவிட்டது. பெரும்பகுதி நீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால் உறைமோர் ஊற்றியது போல வேலை சீக்கிரம் நடக்கும். பயறு விதைக்கு ரைசோபியம் நேர்த்தி செய்கிறோமே, அந்த மாதிரிதான்.

நைட்ரைட்டைப் பற்றி ஒரு சொல். அது மீனின் இரத்தத்தில் உயிர்வளி ஏற்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். செவுள் பழுப்பாகி, நீர்மட்டத்தில் வந்து மூச்சு வாங்கும். அவசரத்துக்கு லிட்டருக்கு ஒரு கிராம் அயோடின் கலக்காத கல்லுப்பு கரைத்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை உள்ளே போகவிடாது. நீர் மாற்றும் வரை அது தாங்கும்.

அன்றாடப் பராமரிப்பு

வளர்ந்த மீன் ஒன்றுக்கு 40 லிட்டர் நீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாமல் வெறும் கண்ணாடியாக விடுவதே தொடக்கக்காரருக்கு நல்லது. அழகு குறைவுதான், ஆனால் கழிவு தங்காது. இந்த மீனைத் தனியாகவும் இரண்டாகவும் வைக்காதீர்கள். ஒன்று மற்றொன்றை ஓயாமல் விரட்டிப் பட்டினி போட்டுவிடும். ஆறு இருந்தால் அடி பலருக்கும் பகிர்ந்துவிடும்.

வாரத்துக்கு இரு முறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். இளம் மீனானால் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு. புது நீர் அதே சூட்டில் இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்ப்பது போதாது, வெப்பமானி வையுங்கள். கழிக்கும் நீரில் நைட்ரேட் இருக்கும். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம், மருந்தும் உப்பும் போடாத நாளில்.

வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசாதீர்கள். குளோரின் பட்டால் நீங்கள் ஒரு மாதம் காத்து வளர்த்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். மின்சாரம் போய் நெடுநேரம் ஆனால், மூடிய பெட்டி வடிகட்டிக்குள் இருக்கும் நீர் காற்றில்லாமல் கெட்டுவிடும். அதைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். நம் கிராமங்களுக்குக் காற்று மோட்டாரில் ஓடும் பஞ்சு வடிகட்டியையே நான் சொல்வேன். விலை குறைவு. மின்கலத்தில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருந்தால் மின்தடையிலும் அதே வடிகட்டியை ஓட்டலாம். சூடு 28 முதல் 30 டிகிரி. மார்கழி, தையில் வெள்ளிமலையில் இரவுக் குளிருக்கு லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் சூடேற்றி தேவை. 300 வாட் ஒன்றைவிட 150 வாட் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும், ஒன்று அணையாமல் நின்றுவிட்டாலும் மீன் வெந்துவிடாது. சித்திரை வெயிலில் கீழ்நாட்டில் சூடேற்றிக்கு வேலையே இல்லை. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும் என்பதால் அப்போது காற்றடிப்பைக் கூட்டுங்கள்.

இரை கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவு. சாக்கடைப் புழுவை உயிரோடு வாங்கிப் போடாதீர்கள், அது நோயைச் சுமந்து வரும். மண்புழு உரக் குழி வைத்திருப்பவர்கள் அந்தப் புழுவைப் போடலாமா என்று கேட்கிறார்கள். நாட்டு மண்புழுவைக் கழுவி நறுக்கிப் போட்டால் விரும்பித் தின்னும். உரக் குழியில் விடும் எய்சீனியா சிவப்புப் புழு ஒரு நாற்ற நீரை விடுவதால் பல மீன்கள் வாயில் வாங்கித் துப்பிவிடும்.

இனி நம் உழவர் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு பூச்சிமருந்துகள் மனிதனுக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்குப் பன்மடங்கு தீங்கு செய்யும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். மருந்து கலக்கிய வாளியில் மீனுக்கு நீர் எடுப்பதும், தெளித்துவிட்டு வந்த கையால் தொட்டியைத் தொடுவதும் கூடவே கூடாது. கொசுவை விரட்டும் திரவக் கருவியிலும் சுருளிலும் இருப்பது பெரும்பாலும் இதே இனம்தான். காற்று மோட்டார் அறையிலுள்ள காற்றை உறிஞ்சி நீருக்குள் அனுப்புகிறது என்பதை மறக்காதீர்கள். மீன் இருக்கும் அறையில் வலை கட்டிப் படுங்கள்.

நோய் வந்தால்

உடல் கறுத்தல், ஒதுங்குதல், இரை மறுத்தல், ஒரு செவுளை மூடி மறு செவுளால் மட்டும் மூச்சு விடுதல், வெள்ளை நூல் போலக் கழிதல் ஆகியவை அறிகுறிகள். எதைக் கண்டாலும் மருந்துப் புட்டியைத் தேடும் முன் அமோனியா, நைட்ரைட், சூடு ஆகியவற்றைப் பாருங்கள். பாதி நீரை மாற்றுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் ஒற்றைச் செவுளால் மூச்சு விட்டால் செவுள் தட்டைப்புழுவாக இருக்கலாம். வெள்ளை நூல் கழிவோடு தலையில் சிறு குழிகள் கண்டால் குடலில் பெருகும் ஓரணு ஒட்டுண்ணியாக இருக்கலாம். முன்னதற்குப் பிராசிகுவாண்டல், பின்னதற்கு மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். அளவை மீன்வளப் பட்டதாரியிடமோ கால்நடை மருத்துவரிடமோ கேட்டுக் கொடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. மெட்ரோனிடசோல் உணவு மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டது. பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருப்பவர்கள் மருந்து போட்ட தொட்டி நீரை அந்தக் குட்டையில் கொட்டவே கூடாது.

நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வீட்டுக்குள் நுழையும். ஓரிடத்தில் வாங்கியதை வேறோரிடத்தில் வாங்கியதோடு சேர்க்கும் முன் நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடும் தனி வாளியோடும் வைத்திருங்கள். வாங்கும்போது வட்டமான, நிமிர்ந்த, முன்னே வந்து பார்க்கிற மீனாகத் தேர்ந்தெடுங்கள். உடலுக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் குட்டையாகிப்போன மீன். இரை போடச் சொல்லி, தின்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில் வரும் பையில் மீன் விட்ட அமோனியாவும் கரிவாயுவும் சேர்ந்திருக்கும். கரிவாயு நீரை அமிலமாக வைத்திருப்பதால் அமோனியா அதுவரை அடங்கியிருக்கும். பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் புது நீர் விட்டால் கரிவாயு போய் அமோனியா நஞ்சாகும். கட்டியபடியே இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் வேண்டாம். தொட்டி நீரின் உப்பளவு கடைத் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி முன்கூட்டியே கேட்டுச் சரிசெய்துகொள்வது நலம்.

இதில் வருமானம் வருமா என்பது அடுத்த கேள்வி. டிஸ்கஸ் குஞ்சு முதல் சில வாரம் தாய் தந்தை இரண்டின் உடல்மீதும் ஊறும் வழுவழுப்பைத் தின்றே வளர்கிறது. பசுவின் சீம்பாலில் போல அதிலும் நோய் எதிர்ப்புப் பொருள் இருப்பதாக 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குஞ்சைப் பிரித்துத் தனியே வளர்ப்பது எளிதல்ல. பெற்றோர் மிரண்டால் முட்டையையே தின்றுவிடும். ஒரு சோடி அமைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எனவே கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கிணற்று நீர் கடினமானதாக இருந்தால் அந்த நீரையே விரும்பும் கப்பி, மோலி, பிளாட்டி மீன்கள் இருக்கின்றன. அவற்றில் ஓராண்டு கை பழகட்டும். நீர் மென்மையாகக் கிடைக்கிறவர்கள் ஏஞ்சல் மீனில் தொடங்கி டிஸ்கசுக்குப் போகலாம். களர் நிலத்தில் அதைத் தாங்கும் நெல் இரகத்தைத்தானே போடுகிறோம்?

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைகளில் தரும் சக்கர் மீனை டிஸ்கசோடு விடாதீர்கள். இரவில் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். அந்தப் புண்ணில் நோய் ஏறும். வேண்டாம் என்று ஆனதும் அதைக் கோமுகி ஆற்றிலோ ஊர் ஏரியிலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல ஏரிகளில் இந்த மீன் பெருகி, வலையைக் கிழித்து, மீனவர்களுக்குப் பெருந்தொல்லையாகியிருக்கிறது. உங்களிடம் இருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.